டேங்கு இல்லாத வண்டி

டேங்குல கைய வைக்காதீய அண்ணாச்சி, கைய வைக்காதீய. பெயிண்டு காஞ்சிருச்சு, அதெல்லாம் ஒண்ணுமில்ல. வெரல்ல இருக்க எண்ணெப்பசை பட்டுச்சுன்னா அந்த எடத்துல ஸ்டிக்கரு பிடிக்காது. ஆறு மாசத்துல மூலை தூக்கிரும். நீங்க வேற காலையில இருந்து கடலெண்ணெ அளந்த கையி. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்க. அதுல இருக்கது பூரா பழைய பெயிண்டு, வேட்டியில ஒட்டாது. டீ சொல்லவா? குடிச்சிட்டுத்தான் வந்தீயளா. சரி.

இந்தப் பக்கம் பாருங்க, இடது பக்கம். எப்படி இருக்கு? அந்தக் காலத்து எழுத்து அப்படியே வந்திருக்குல்லா? டேங்க தேய்க்கதுக்கு முன்னாடியே ட்ரேசிங் பேப்பர வச்சு பழைய எழுத்த வரைஞ்சு எடுத்துட்டேன். மதுரைக்கு அனுப்பி அதே அளவுல வெட்டி வாங்குனது. ரெடிமேடு செட்டு கடையில தொங்குது, இல்லைங்கல. ஆனா அதுல கடைசி எழுத்துக்கு வாலு குட்டை. தங்கபாய் பாத்தா அவ கண்டுபிடிச்சிருவான்னு நீங்கதானே சொன்னீய. ஆமா, கல்யாணமான புதுசுல இருந்து பின்னாடி உக்காந்து எட்டி எட்டிப் பாத்த எழுத்துல்லா, மதினிக்குத் தெரியாம இருக்குமா.

என்னது, இன்னைக்கா? வண்டிச் சத்தத்தக் கேக்கணும்னாவளா மதினி? போன்லயா?

அது வந்து... இஞ்சின் ஏத்தியாச்சு. மெக்கானிக் சோலைராஜு நேத்தே முடிச்சுக் குடுத்துட்டாரு. அந்தா நிக்கில்லா, டேங்கும் சீட்டுந்தான் பாக்கி. ஆமா. ஆமா அண்ணாச்சி, டேங்கு மாட்டணும்லா. இதை ஒட்டி, மேல பளபளப்புக்கு லேக்கர் அடிச்சு, அது காஞ்சு, எல்லாம் மாட்டி முடிக்க ஞாயித்துக்கெழமை ஆயிரும். ஆமா, நான் சொன்னதுதான். டேங்கு இல்லாம வண்டி எப்படி ஓடும்னு நான் சொன்னதுதான். நீங்க அதை மறக்கவே இல்ல என்ன.

இருங்க, அவியளுக்கு இப்பப் போன் போடாதீய. செத்த நேரம் பொறுங்க. இந்த வலது பக்கத்த ஒட்டி முடிச்சிருதேன். முடிச்சிட்டு உங்கட்ட ஒரு விசயம் சொல்லணும். வண்டி உங்க கைக்குப் போறதுக்கு முன்னாடி சொல்லியாவணும். சொல்லாமக் குடுத்துட்டு, நீங்க மதினிய பின்னாடி ஏத்திக்கிட்டு வில்லிபுத்தூர் வரைக்கும் போறத நான் கடை வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்னு வைங்க, நான் மனுசனே இல்ல. இல்ல இல்ல, வண்டியில ஒரு கொறையும் இல்ல. வண்டி தங்கம். கொறை வண்டியில இல்ல.

கை வேலையில இருந்தாத்தான் எனக்கு வாயி வரும். வேலை இல்லாம உங்க மொகத்தப் பாத்து உக்காந்தேன்னா மழை, வெயிலு, மாங்கா சீசன்னு பேசிட்டு எந்திரிச்சுப் போயிருவேன். ரெண்டு வருசமா அதத்தானே பண்ணிட்டு இருக்கேன். நீங்க பாத்திருப்பீய. பாக்கலையா? ரெண்டு கடை தள்ளி உங்க கடை. பல்பொடி வாங்கக்கூட என் பொஞ்சாதி ரமீஜாவத்தான் அனுப்புதேன். நீங்க என்னமோ நைனா முகமது பெரிய ஆளாயிட்டான், வேலை கூடிப்போச்சுன்னு நெனச்சுக்கிட்டீய.

இந்தா, இது ஷாம்புத் தண்ணி. டேங்குல மொத இதை அடிச்சிரணும். அடிச்சாத்தான் ஸ்டிக்கரு உடனே பிடிக்காது, நகத்தி நகத்தி எடத்துல வைக்கலாம். தண்ணி இல்லாம வச்சோம்னா வச்ச எடந்தான், கோணலோ நேரோ அதோட சரி. அந்த மஞ்ச டேப்பு தெரியிதா? அதான் கோடு. இடது பக்கம் மூடியில இருந்து எம்புட்டு எறக்கமோ வலது பக்கமும் அம்புட்டு. ஒரு நூலு மாறுனாலும் முன்னாடி நின்னு பாக்கவனுக்கு வண்டி ஒரு பக்கமாச் சாஞ்ச மாதிரி இருக்கும். சில பயலுவ கண்ணால பாத்தே ஒட்டிருவானுவ. எனக்கு அதப் பாத்தா ஆத்திரம் ஆத்திரமா வரும். எவன் வீட்டு வண்டி அது? அவன் எம்புட்டு ஆசையாக் கொண்டாந்து குடுத்திருப்பான்?

சரி, பேச்ச மாத்துதேன்னு எனக்கே தெரியிது. சொல்லுதேன்.

என் யெஸ்டி ஞாவகம் இருக்கா உங்களுக்கு? ஆமா, அந்த மெரூன் கலரு. வாப்பா வச்சிருந்ததெல்லாம் இல்ல, யாரு சொன்னா? சேத்தூர்ல ஒரு தோப்புக்குள்ள பம்புசெட்டு ரூம்ல கோழி அடைஞ்சு கெடந்த வண்டி. நான் கொண்டாந்து ஒண்ணரை வருசம் ஒக்காந்து பண்ணுனேன். அடுத்தவன் டேங்குக்கே ஒட்டி ஒட்டி, நமக்குன்னு ஒண்ணு வேணும்னு ஒரு கிறுக்கு. மதுரையில பழைய வண்டிக எல்லாத்தயும் கொண்டாந்து நிறுத்துற கூட்டம் ஒண்ணு, ஞாயித்துக்கெழமை. அதுக்குக் கொண்டுபோயிரணும்னு ராப்பகலா அதே நெனப்பு. அந்த ஸ்டிக்கர் செட்டுக்கு அஞ்சு மாசம் காத்துக் கெடந்தேன். புதன்கெழமைதான் வந்துச்சு. வியாழக்கெழமை ஒட்டுதேன். அன்னைக்குத்தான் ஆடிப்பூரம், வில்லிபுத்தூர்ல தேரு.

ஆமா. அன்னைக்குத்தான்.

நீங்க எதுக்குக் கண்ணத் தொடைக்கீய. நீங்க அழுதீயன்னா நான் சொல்ல மாட்டேன். பொறவு இன்னொரு ரெண்டு வருசம் ஓடிரும்.

தெருவே காலி. ஸ்டாண்டுல ஒரு ஆட்டோ கெடையாது, எல்லாம் தேருக்கு ஆள் ஏத்திட்டுப் போயிருச்சு. ஆம்புலன்சும் தேருக் கூட்டத்துக்குள்ள மாட்டிக்கிச்சு. உங்க டிவிஎஸ்ஸ உங்க மக ஷெரின் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோயிருந்தா. நீங்க ஒத்தைச் செருப்போட ஓடியாந்தீய. இன்னொரு கால்ல ஒண்ணும் இல்ல. அது உங்களுக்கே தெரியாதுல்லா? நான் பாத்தேன். அந்தா, அந்த வாசப்படியில நின்னுக்கிட்டு, தங்கபாய்க்கு வாயி கோணுது நைனா, வலது கை தொங்குது, வண்டி எடுலேன்னு சொன்னீய. லேன்னு சொன்னீய. அதுக்கு முன்னாடி ஒரு நாளும் நீங்க என்னய லேன்னு கூப்பிட்டது கெடையாது. தம்பிம்பீய, இல்லைன்னா பேரச் சொல்லுவீய.

அப்ப நான் எப்படி இருந்தேன் தெரியுமா? இந்தா, இப்ப இருக்கேன்லா, இதே மாதிரி. ரெண்டு கையிலயும் ஸ்டிக்கரு. பாதி டேங்குல பட்டிருக்கு, பாதி கையில இருக்கு. இந்த வளைவு இருக்கு பாத்தீயளா, இங்கதான் உசுரு. இதுல விட்டுட்டு எந்திரிச்சோம்னா தண்ணி காஞ்சு, மடங்கி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிரும். பொறவு குப்பைதான். நான் எந்திரிக்கல அண்ணாச்சி. உங்க காலப் பாத்தேன், மொகத்தப் பாக்கல. பாத்துக்கிட்டே சொன்னேன், டேங்கு இல்லாம வண்டி எப்படி அண்ணாச்சி ஓடும்னு.

நீங்க டேங்கப் பாத்தீய. மேசை மேல இருக்கு. வண்டியப் பாத்தீய. எலும்புக்கூடா நிக்கி. சரிதாம்ப்பான்னுட்டு ஓடிட்டீய. சரிதாம்ப்பான்னு சொன்னீய பாத்தீயளா, அது எனக்கு இன்னும் காதுல கெடக்கு. ஏலே நாயேன்னு வஞ்சிருந்தீயன்னாக்கூட நான் எந்திரிச்சிருப்பேன்.

அதுக்கு நீ என்ன பண்ணுவன்னு கேக்காதீய. உங்க கொணம் அது. எல்லாத்துக்கும் அடுத்தவனுக்கு ஒரு காரணம் நீங்களே கண்டுபிடிச்சுக் குடுத்துருவீய.

இருங்க, இந்த மூலைய இழுக்கணும். ஹேர் ட்ரையரு லேசாக் காட்டுனா எளகிக் குடுக்கும். ரொம்பக் காட்டுனா எழுத்து இழுபட்டுப் போகும். இது என்ன, கார்டு மாதிரியா? கார்டேதான். காலாவதியான ஏடிஎம் கார்டு, மேல பழைய பனியன் துணி சுத்தியிருக்கேன். நடுவுல இருந்து வெளிய, நடுவுல இருந்து வெளிய. தண்ணி போகுது பாருங்க. வெளிய இருந்து உள்ள தள்ளுனா காத்து மாட்டிக்கிரும்.

ஒண்ணரை மணி நேரம் நீங்க ஆட்டோ தேடியிருக்கீய. அது எனக்குப் பொறவுதான் தெரியும். செட்டியார்பட்டியில இருந்து ஒருத்தன் ஆட்டோ கொண்டாந்தான்னாவ. இங்க ஆசுபத்திரியில பாத்துட்டு மதுரைக்குக் கொண்டு போங்கன்னுட்டாவ. தேருக் கூட்டத்துல சுத்திச் சுத்திப் போயி, அங்க டாக்டரு சொன்னத நீங்கதான் என்ட்ட சொன்னீய. அரைமணி நேரம் முந்தி வந்திருந்தா ஊசி போட்டிருக்கலாம், கை திரும்பியிருக்கும்னு. அரைமணி நேரம். நீங்க சொல்லிட்டு, நம்ம கையில என்ன இருக்கு நைனான்னு சொன்னீய.

அது எங்க வச்சு சொன்னீய? ஆசுபத்திரி வராண்டாவுல. ஞாயித்துக்கெழமை சாயங்காலம். நான் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிட்டு வந்து நின்னேன். மதினியப் பாக்க ராஜபாளையத்துல இருந்து மொத ஆளா நைனா வந்துட்டான்னு நீங்க நர்ஸம்மாட்ட வரைக்கும் சொன்னீய. நான் ஆமான்னு தலைய ஆட்டுனேன்.

அண்ணாச்சி, நான் மதினியப் பாக்க வரல. யெஸ்டிய லோடு ஆட்டோவுல ஏத்தி அந்தப் பழைய வண்டிக் கூட்டத்துக்குக் கொண்டாந்தேன். காலையில இருந்து அங்கதான் நின்னேன், வண்டி பக்கத்துல, சலவைச் சட்டை போட்டுக்கிட்டு. ஒவ்வொருத்தனும் வந்து டேங்கத் தடவித் தடவிப் பாக்கான். ஷீல்டு குடுத்தானுவ. முடிஞ்ச பொறவு, திரும்புற வழியில, ஐயோ ஆசுபத்திரி இங்கதானேன்னு ஞாவகம் வந்து எறங்குனேன். ஷீல்டு லோடு ஆட்டோவுல கெடந்துச்சு. நீங்க என் கையப் பிடிச்சுக்கிட்டு நிக்கீய, எனக்கு எந்த நெனப்பு ஓடுது தெரியுமா? வண்டியில கயிறு உராஞ்சு பெயிண்டு போயிருமோன்னு. தூ. எனக்கே காறித் துப்பணும் போல இருக்கு.

கோவம் வரலையா உங்களுக்கு? எப்படியோ வந்தேல்லன்னு சொல்லுதீய. இதத்தான் சொல்லுதேன், உங்கட்ட பேசவே முடியாது.

அந்த ஷீல்டா? பரண்ல பெயிண்டு டப்பாவுக்குப் பின்னாடி கெடக்கு. யெஸ்டிய வித்துட்டேன். நான் அதுல பத்து கிலோமீட்டர்கூட ஓட்டல. ஏறி உக்காந்தா முன்னாடி டேங்குல அந்த எழுத்துத்தான் தெரியும். ஒரு குமிழி கெடையாது அண்ணாச்சி. இம்புட்டு வருசத்துல அப்படி ஒரு ஸ்டிக்கரு நான் ஒட்டுனதே இல்ல. நீங்க ஓடுன பொறவு நான் உக்காந்து, நிதானமா, கொஞ்சங்கூடக் கை நடுங்காம ஒட்டி முடிச்சிருக்கேன். அதான் எனக்குப் பயமா இருக்கு. கொஞ்சமாவது நடுங்கியிருக்க வேண்டாமா?

போன கிறிஸ்துமஸுக்கு மதினி அச்சு முறுக்கு குடுத்து விட்டாவ. இடது கையால அச்சப் பிடிச்சு, எண்ணெயில முக்கி எடுத்ததுன்னு சொன்னீய. பாதி முறுக்கு உடைஞ்சு, ஒரு பக்கம் கருகி இருந்துச்சு. ஒரு நாளைக்கு அம்புட்டு பேண்டேஜ் துணி வெட்டி மடிச்ச கையி, கம்பெனியில அவிய மடிப்புக்குத் தனி மதிப்பு. ரமீஜா தின்னுட்டு நல்லாயிருக்குன்னா. எனக்குப் பல்லு வலின்னேன். இன்னைக்கு வரைக்கும் அவ என் பல்லுக்கு கிராம்பு எடுத்து வச்சிட்டு இருக்கா. அவட்டயும் நான் சொல்லல.

என்னத்தச் சொல்லலன்னா கேக்கீய? வாரேன், அதுக்குத்தான் வாரேன்.

நீங்க எனக்குப் பண்ணுனதுலயே பெரிய கொடுமை எது தெரியுமா? அதே கிறிஸ்துமஸுக்கு எங்களச் சாப்பிடக் கூப்பிட்டுட்டு, பாஸ்டர் உக்காந்திருக்காரு, உங்க சொந்தக்காரவிய எல்லாம் இருக்காவ, அம்புட்டுப் பேரு முன்னாடியும் சொன்னீய. நைனாட்ட மட்டும் அன்னைக்கு வண்டி ஓடுற நிலையில இருந்திருந்துச்சுன்னா பறந்திருப்பான், அவன் கொணம் எனக்குத் தெரியும்னு. மதினி என்னயப் பாத்து தலைய ஆட்டுனாவ. வெள்ளிக்கெழமை பள்ளிவாசல்ல போயி கையேந்தி உக்காந்தா, அல்லாட்ட என்ன கேக்கன்னு தெரியல, உங்க மொகந்தான் வருது. ஆறு மாசம் முன்னாடி நீங்க சாக்க வெலக்கி இந்த ராஜ்தூத் வண்டிய உருட்டிட்டு வந்து, தங்கபாய் பின்னாடி உக்காரணும்னு கேக்கா நைனா, உன்னயத் தவிர யார்ட்டயும் குடுக்க மாட்டேன்னு நின்னீயள்லா, அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். இந்த வண்டிய முடிச்சுக் குடுக்கையில சொல்லிரணும்.

முடிஞ்சிருச்சு. மேல இருக்க இந்த டேப்ப மட்டும் உரிக்கணும். மெதுவா... வளைச்சு உரிக்கணும், நேரா இழுக்கக் கூடாது. இந்தா. வந்து பாருங்க. முன்னாடி நின்னு பாருங்க. ரெண்டு பக்கமும் ஒரே மட்டமா இருக்கா? வாலு சரியா இருக்கா? தூரத்துல இருந்து பாத்தா போதும், கைய வைக்காதீய.

இப்பப் போன் போடுங்க மதினிக்கு. ஆமா, இப்பத்தான். ஞாயித்துக்கெழமை எதுக்கு?

அதுக்கு முன்னாடி உங்க தலைக்கு மேல, செவுத்துல, அந்த ஆணியில ஒரு பாட்டில் தொங்குது பாருங்க. ஆமா, ஆசுபத்திரியில குளுக்கோஸ் ஏத்துற பாட்டிலுதான். ட்யூப்போட எடுங்க. நீங்களே எடுத்துத் தாங்க. பாத்து, உள்ள பெட்ரோல் இருக்கு, ஆயில் கலந்து வச்சிருக்கேன்.

எதுக்கா? செத்த பாருங்க. இந்தா, ஹேண்டில்ல தொங்க விட்டாச்சு. ட்யூப்ப இங்க சொருகுதேன், இது கார்புரேட்டரு. அம்புட்டுத்தான். எம்புட்டு நேரம் ஆச்சு? ஒரு நிமிசம் ஆகியிருக்குமா? மதினி எடுத்துட்டாவளா? போன இஞ்சின் பக்கத்துல பிடிங்க. தள்ளி நில்லுங்க, கிக்கர் அடிக்கேன்.

ம். இன்னொரு தடவை. 

பிடிச்சிருச்சு! கேக்குதா மதினி? உங்க வண்டிதான்! என்ன சொல்லுதாவ? சிரிக்காவளா? அவிய சிரிக்கதுதானா அது? சிரிக்கட்டும், சிரிக்கட்டும். நான் கொஞ்சம் ஓட விடுதேன், கேக்கட்டும். ஆசை தீரக் கேக்கட்டும்.

போதும், அமத்திருதேன்.

என்ன அண்ணாச்சி, மேசையவும் வண்டியவும் மாத்தி மாத்திப் பாக்கீய? ஆமா. டேங்கு அங்க இருக்கு. வண்டி இங்க ஓடுச்சு. மெக்கானிக்கு எல்லாரும் செய்யிறதுதான். டேங்கு பெயிண்டுக்குப் போயிருச்சுன்னா இந்தப் பாட்டில்லதான் வண்டிய ஓட்டுவாவ, தென்காசி ரோட்டுல ஒரு சுத்துகூடப் போயிட்டு வருவாவ. உங்களுக்கு வண்டி ஓட்டத்தான் தெரியும், நீங்க இதைக் கண்டிருக்க மாட்டீய.

அன்னைக்குக் காலையில சோலைராஜு என் யெஸ்டிய இப்படித்தான் ஓட்டிப் பாத்துட்டுத் தேருக்குப் போனாரு. நீங்க ஒத்தைச் செருப்போட வந்து நின்னப்ப, இந்தப் பாட்டிலு இதே ஆணியில பாதி பெட்ரோலோட தொங்குச்சு. நான் அதையும் பாத்தேன், என் கையில இருந்த ஸ்டிக்கரையும் பாத்தேன்.

போன வைக்காதீய அண்ணாச்சி. மதினியும் கேக்கட்டும்.